வயிறு திறந்த நாற்காலி

"என் வீட்டுக்காரரு சோபா தைக்கிறவருங்க. அவரால நாட்டுக்கு என்ன ஆபத்து?" என்று வக்கீல் வீட்டு வாசலிலேயே கேட்டாள் அந்தப் பெண்.

பாதுகாப்புப் பிரிவு அவள் கணவனைப் பிடித்துப்போய் ஒரு வாரம். வீட்டு சோபாவைக் கிழித்து, சோப்புக்கட்டி அளவில் ஓர் இரும்புக் கருவியை எடுத்தார்களாம். நாளை நீதிபதி தலையாட்டிவிட்டால், விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் உள்ளே கிடக்க வேண்டியதுதான்.

கோர்ட்டில் 'நிதானம்' என்று பட்டப்பெயர் வாங்கிய வக்கீல், பேனாவை மூடினார். "தேடும்போது நீங்க கூட இருந்தீங்களாம்மா?"

"எல்லாரையும் வெளியில நிறுத்திட்டாங்க. வந்த அதிகாரியை எனக்குத் தெரியும். முந்தின நாள் கடைக்கு மப்டியில வந்து, பிரிச்சுப் போட்டிருந்த ஒரு பெரிய நாற்காலிகிட்ட நின்னு குசுகுசுன்னு பேசினாரு. இவரு முடியாதுன்னு தலையாட்டினாரு. என்னன்னு கேட்டா, சொன்னா உனக்கும் ஆபத்துன்னுட்டாரு."

அன்று மாலையே வக்கீலும் அவருடைய ஜூனியரும் கிளம்பினார்கள். வீட்டு சோபாவில் அந்தப் பெண்ணின் மாமனார் உட்காரும் இடம் குழிந்தே கிடந்தது. கிழிசலுக்குள் வக்கீல் கையை விட்டுத் தடவினார். ஸ்பாஞ்சு சமமாக இருந்தது. கடையில் அந்த நாற்காலி இன்னும் வயிறு திறந்து கிடந்தது. பித்தளை ஆணிகள், கைப்பிடியில் செதுக்கிய தராசு. ஜூனியர் வாயைப் பிளந்தாள்.

"நாளைக்கு வரைக்கும் மூச்சு விடாதே" என்றார் வக்கீல்.

மறுநாள் நீதிபதி குஷன் இல்லாத மர நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்.

"நாட்டுப் பாதுகாப்பு விஷயம் ஐயா. இதுக்கு மேல விவரம் சொல்ல முடியாது" என்றார் அதிகாரி. "ஒரு வருஷமா மறைச்சு வச்சிருக்கான்."

நீதிபதி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தார். எத்தனை பேரை இப்படி உள்ளே தள்ளிய பேனாவோ என்று வக்கீல் அதையே பார்த்தார்.

"அந்த சோபாவுல இவரோட அப்பா உட்கார்ற இடம் குழிஞ்சு கிடக்கு" என்று எழுந்தார் வக்கீல். "அதே ஸ்பாஞ்சை இரும்புக் கருவி ஒரு வருஷம் அழுத்தியும் தடமே இல்லையே? அது என்ன கருவிங்க?"

"ஒட்டுக் கேக்குறது."

"சொந்த வீட்டுப் பேச்சையே ஒட்டுக் கேக்குற உளவாளியை இப்பத்தான் பாக்குறேன். இது அந்த வீட்டுக்கு வாங்கினது இல்ல ஐயா. வேற ஒருத்தர் நாற்காலிக்குள்ள வச்சுத் தைக்கச் சொன்னாங்க. இவர் மாட்டேன்னாரு. வெளியில சொல்லிடுவாரோன்னு அதையே இவர் சோபாவுல சொருகிப் பிடிச்சுட்டாங்க."

"நாட்டுக்காகன்னு சொன்னாருங்க" என்றார் காவலர்களுக்கு நடுவில் நின்ற சோபாக்காரர். "அடுத்தவங்க பேச்சைத் திருட நான் தைக்க மாட்டேன்னேன்."

"நல்ல கதை" என்று சிரித்தார் அதிகாரி.

நீதிபதி அலுப்போடு கேட்டார். "யாரோட நாற்காலியாம்?"

"கைப்பிடியில தராசு செதுக்கினது ஐயா. தங்களோடதுதான்."

நீதிபதியின் நெளிவு நின்றது. அதிகாரியின் சிரிப்பும் நின்றது.

"இது நாடா, காடா?" மேசை அதிரத் தட்டினார் நீதிபதி. "சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அங்கேயே விடுதலை. அதிகாரி மேல் வழக்கு.

வெளியே மனைவி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். வக்கீல் குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"ஜெயிச்சுட்டோமே சார், ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் ஜூனியர்.

"சட்டம் இருக்கான்னு அவருக்கு இன்னிக்குத்தான் சந்தேகமே வந்திருக்கு. இதுவரைக்கும் அவர் உள்ள அனுப்பினவங்க யாரும் அவருக்கு நாற்காலி தைக்கலை, அவ்வளவுதான். வா, அவங்க வழக்குக் கட்டுகளை எடு."