அரைக்கால் அங்குலம்

2016 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. விஸ்கான்சின் மாநிலம், பஃபலோ கவுன்ட்டி. துப்பாக்கி வேட்டைப் பருவத்தின் கடைசி நாளில், வெளிச்சம் மங்குவதற்குச் சற்று முன்னால், டுவேன் ஓல்ஸ்டாட் தன் சோளக்காட்டின் ஓரத்தில் பத்துக் கிளைக் கொம்புள்ள மான் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினான்.

மறுநாள் மாலை லைல் ஹேன்கே எஃகு நாடாவோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தான். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். சாதனைப் புத்தகத்துக்காகக் கொம்பு அளக்கும் அத்தாட்சி அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவனிடம்தான் இருந்தது. தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், அடிச்சுற்றளவு, இரு தண்டுகளுக்கும் நடுவிலுள்ள அகலம் என்று எல்லாவற்றையும் அங்குலத்தில் எட்டில் ஒன்றான அரைக்கால் வரை பார்த்துக் கூட்டினான். இடமும் வலமும் ஒத்துப்போகாத இடங்களைக் கழித்தான்.

"நூத்தி அறுபத்தொம்பதரை," என்றான், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. "பல்லைக் கடிச்சுக்கோ டுவேன். இது பச்சை அளவுதான். காய்ஞ்சா இன்னும் குறையும்."

"புத்தகத்துல ஏற நூத்தி எழுபது வேணும்."

"எனக்கே பாடமா? அறுபது நாள் வீட்டுச் சூட்டுல கிடக்கட்டும். அப்புறம் வந்து அளக்குறேன், அதுதான் கணக்கு. ஃப்ரீசர்ல வெக்கிறது, குளிர்ல போடுறது, ஈரத்துணி சுத்துறது, இதெல்லாம் என்கிட்ட ஆகாது. எலும்பு சுருங்கும்டா. வளந்த எலும்பை நான் பார்த்ததே இல்ல."

டுவேனின் மனைவி நடீன் இரண்டு கிண்ணங்களில் மான்கறிச் சில்லிக் குழம்பை வைத்துவிட்டு, கொம்பை இடுப்பில் கைவைத்தபடி பார்த்தாள். "இத்தனையையும் ஒரே கோடைல வளத்துடுமா? எங்கிருந்துப்பா வருது?"

"உடம்புலேர்ந்துதான். மேயுறது பத்தாம போகும். அப்போ தன்னோட விலா எலும்பையே கரைச்சு மேல அனுப்பும்," என்றான் லைல்.

"விலாவா!" நடீன் சிரித்தாள். வாத்துக்கறிக்குள் கிடந்த துப்பாக்கிக் குண்டைக் கடித்து முனை உடைந்த முன்பல் சிரிப்பில் தெரிந்தது. "ஆதாம் குடுத்த விலாவுலதான் நான் நிக்கிறேன். இந்த ஆளு திருப்பிக் கேக்காம இருந்தா சரி."

டுவேனும் சிரித்தான். ஆனால் அவன் மனம் அந்த அரை அங்குலத்திலேயே நின்றது. அவனுடைய அப்பாவும் பெரியப்பாவும் ஆயுள் முழுக்க இந்த மேடுகளில் வேட்டையாடி, புத்தகத்தில் பெயர் ஏறாமலே போனவர்கள்.

கொம்பைச் சாப்பாட்டறை அலமாரியின் மேல் வைத்தான். மண்டையோட்டுத் துண்டை நேராக அறுத்திருந்ததால் அது பலகைமேல் அசையாமல் உட்கார்ந்தது.

டிசம்பர் நடுவில் பெரிய பனி விழுந்தது. நாலரைக்கே இருட்டிவிடும் அந்த நாட்களில் செய்ய வேறு வேலையின்றி, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்க அவன் தானே நாடாவை எடுத்தான். இடது தண்டு அரைக்கால் நீண்டிருந்தது. நாடாவை இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டான். நாடாவில் பிழையில்லை. மறுபடி அளந்தான். நீண்டுதான் இருந்தது. அவனுக்கு முதலில் வந்தது பயமல்ல, மகிழ்ச்சி. லைலிடம் அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாலையில் கணப்படுப்புக்கு விறகு போடும்போதும், தொலைக்காட்சியில் கால்பந்து ஓடும்போதும், அலமாரிப் பக்கமிருந்து ஆற்றுப் பனி இரவில் இறுகும்போது கேட்குமே, அப்படியொரு மெல்லிய நெரியும் ஒலி வந்துகொண்டிருந்தது. போய் நின்றால் நின்றுவிடும், திரும்பி நடந்தால் தொடரும். சதை நீங்க வேகவைத்த எலும்பின் வாடை போகவேண்டிய நாளில் போகாமல், சூடு ஆறாத பால் வாடையோடு கலந்து திரைச்சீலைகளில் தங்கியது. பாலும் சீக்கிரம் தீர்ந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், திறந்த ஃப்ரிட்ஜின் வெளிச்சத்தில் நடீன் கேனோடு தூக்கிக் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். பால் அவள் மோவாயில் வழிந்தது.

"என்னது, கன்னுக்குட்டியாட்டம்?"

"தெரியலப்பா. தாகம் அடங்கவே மாட்டேங்குது." அவள் விலாவை அழுத்திக்கொண்டாள். "இங்க எல்லாம் வலி. உள்ள யாரோ அரம் போட்டு ராவுற மாதிரி."

கிறிஸ்துமஸுக்கு மாவு பிசையும் கிண்ணம் அவளுக்கு எட்டவில்லை. இருபது வருடமாக அதே அடுக்கிலிருந்து எடுத்த கிண்ணம். "அலமாரி வளந்துடுச்சா, இல்ல நான் கிழவியாயிட்டேனா?" என்று கேலி செய்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கோட்டின் கை அவள் விரல்களை மூடியது. டுவேன் பார்த்தான். பார்த்ததை யோசிக்காமல் அலமாரிப் பக்கம் போய் நாடாவை விரித்தான். நூற்றெழுபதுக்கு இன்னும் அரைக்கால்தான் குறைவு.

அன்று மாலை அவள் சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது அவரவர் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்ட நிலை அது. அம்மாவும் நிற்கவேண்டும் என்று அடம்பிடித்து அவளுக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடு அவள் உச்சந்தலைக்கு மேலே தெரிந்தது. நான்கு விரல் மேலே.

"என்ன அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

"டுவேன், அந்தக் கொம்பை வெளிய எடு. சிரிக்காத. அது வந்ததுலேர்ந்து நான் தூங்கல. அது என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கு."

"என்ன கேக்குது?"

"அதான் தெரியல."

அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் டிராக்டர் கொட்டகையில் வைத்தான். குளிரில் கைகள் மரத்தன. கொம்பைப் பிடித்த இடம் மட்டும் மரத்துப்போகவில்லை. அன்று நடீன் குழந்தைபோல் தூங்கினாள். காலையில் வலி இல்லை என்றாள், பான்கேக் சுட்டாள், வானொலிப் பாட்டோடு சேர்ந்து பாடினாள். டுவேன் கொட்டகைக்குப் போய் அளந்தான். வளரவில்லை. அதே அரைக்கால் குறைவு. குளிரில் கிடந்த நாட்கள் காயும் கணக்கில் சேராது என்று லைல் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பனி படிந்த டிராக்டரின் அருகே நெடுநேரம் நின்றான்.

பிறகு, நடீன் துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, கொம்பைச் சாக்கில் சுற்றி நிலவறைக்குள் கொண்டுபோனான். சூடேற்றும் உலைக்குப் பின்னால் வைத்தான். நேர் மேலே படுக்கையறை. அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அல்லது நினைத்தான்.

ஜனவரியில் மருத்துவமனைக்குப் போனார்கள். எலும்பு மெலிந்திருக்கிறது, இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான் என்று சொல்லிச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். நடீன் ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். அந்த வாரம் ஒவ்வொரு கிளையும் அரை அங்குலம் ஏறியது.

நூற்றெழுபத்தைந்து. இதுவரை வந்தது போதும், இதற்குமேல் வேண்டாம் என்று அப்போது அவன் நிஜமாகவே நினைத்தான். சாக்கை அவிழ்த்தபோது மண்டையோட்டுத் துண்டு தரையில் நேராக உட்காராமல் ஆடியது. திருப்பிப் பார்த்தான். அவன் ரம்பத்தால் நேராக அறுத்த விளிம்பு இப்போது நேராக இல்லை. கண்குழிகள் கீழ்நோக்கி வளைந்து, வட்டமாக மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தன. எலும்பு வெதுவெதுப்பாக இருந்தது. தண்டின்மேல் விரலை வைத்தால் பீச் பழத்தோல் போல, வளரும் கொம்பில் மட்டுமே இருக்கும் மென்மையான உரோமம்.

ரம்பத்தை எடுத்தான். இடது தண்டின் அடியில் வைத்து ஒரே ஒரு இழுப்பு.

மேலே நடீன் அலறினாள்.

ரம்பத்தைப் போட்டான். படிகளில் ஓடினான். அவள் கட்டிலில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காயம் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஏதோ அறுத்த மாதிரி..." என்றாள். பிறகு அவனையே பார்த்தாள். "எங்க வெச்சிருக்க அதை?"

"கொட்டகைலதான்."

"அப்படியா?" என்றாள் மெதுவாக. அவன் சட்டைக் கையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

அன்றே அதை வெளியே கொண்டுபோய்க் காட்டோரம் பனியில் போட்டான். இந்தமுறை அவள் தேறவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது கொம்பைச் சுற்றி ஒரு வண்டிச்சக்கர அளவுக்குப் பனி உருகி, ஈரப் புல் தெரிந்தது. புல்லிலிருந்து ஆவி எழுந்தது. திரும்ப எடுத்துக்கொண்டு வந்தான். வெளியே விட்டுவிட்டு வரக் கால் எழவில்லை. அதில் அவள் இருந்தாள்.

அப்போது அவனுக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை ஒன்றுதான். அறுபதாம் நாள் வரும். லைல் வருவான். அளப்பான், கையெழுத்துப் போடுவான். கையெழுத்து விழுந்தால் கொம்பு காய்ந்தது என்று அர்த்தம். காய்ந்த எலும்பு வளராது. இத்தனை வருடத்தில் அந்த விதி பொய்த்ததில்லை. அவன் அதைத் தனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தான். சமையலறைக்கும் படுக்கையறைக்குமாக. படுக்கையறைக்கும் சமையலறைக்குமாக.

நடீன் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகலாம் என்று அவன் தூக்கப் பார்த்தபோது "வேண்டாம், தொடாத, பிடிக்கிற இடமெல்லாம் உள்ள போகுது" என்றாள். குரல் குழைந்திருந்தது. போர்வைக்கு அடியில் உருவம் வரவரத் தாழ்ந்துகொண்டே போனது.

அறுபதாம் நாள் பிற்பகலில் லைல் வந்தான், பூட்ஸ் பனியைத் தட்டியபடி. "எங்க எஜமானி? எனக்குக் காபி கிடையாதா?"

"ஃப்ளூ. தூங்குறா."

"கிட்ட போகாத, எனக்கும் குடுத்துடுவ." மேசையிலிருந்த கொம்பைப் பார்த்ததும் லைலின் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். டுவேன் முந்தின மாலையே உரோமத்தை உரித்து, மண்டையோட்டின் அடியைத் துணியால் இறுக்கிச் சுற்றியிருந்தான். "இது அதே தலைதானா?"

"கடைசிநாள் கட்டின வேட்டை டேக் அதுலயே இருக்கு பாரு."

லைல் நாடாவை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். "அன்னிக்கு உன் பிராந்தியைக் கொஞ்சம் ஜாஸ்தியா குடிச்சுட்டேன் போல," என்று முனகினான். "நான் தப்பா அளந்து நாப்பது வருஷம் ஆச்சு."

"சீக்கிரம் முடி லைல்."

"அவசரப்படாத. அரைக்கால் தப்பினாலும் தப்புதான்."

டுவேன் படுக்கையறைக்குப் போனான். ஜன்னல் வெளிச்சம் மங்கியிருந்தது. பால் வாடை. தலையணையில் அவள் முடி பரவிக் கிடந்தது. முடிக்கு நடுவே முகம், ஈரத் துண்டை விரித்துப் போட்டதுபோல் அகன்று, கண்கள் மட்டும் அசைந்தன.

"வலது தண்டு," லைல் மேசையிலிருந்து கத்தினான், "இருபத்தெட்டே முக்கால்!"

போர்வைக்குள் கைவிட்டு அவள் கையைத் தேடினான். கிடைத்தது. பிடித்தான். அவன் பிடிக்குள் அது சத்தமின்றி மடிந்தது, உள்ளே கை இல்லாத கையுறைபோல.

நடீனின் உதடுகள் அசைந்தன. அவன் காதைக் கொண்டுபோனான். உதட்டுக்குப் பின்னால், அந்த முனை உடைந்த பல் இருந்த இடத்தில், பல் இல்லை.

மேசையில் லைல் எதையோ பார்த்துவிட்டு, "டுவேன், இந்தத் துணிக்கு அடியில என்ன? முனை உடைஞ்ச பல்லா? மானுக்கு மேல் முன்பல் கிடையாதே..." என்றான். பிறகு நாடா தரையில் விழுந்து சுருளும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள் நடீன்.

நூற்றெண்பத்து மூன்றேகால். அந்த ஆண்டு கவுன்ட்டியில் பதிவானவற்றில் அதுவே முதலிடம் பெற்றது.