அடக்க விலைக்குக் கீழே அறுபது பாட்டில்

மாரிச்சாமி கட்ட வேண்டிய தொகை பர்மியப் பணத்தில் ஏழு லட்சத்து இருபதாயிரம் கியாட். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதலாளி பீர் முகைதீன் அதைப் பேரேட்டில் அவன் பெயரில் 'திருட்டு' என்று ஏற்றினார்.

பசுந்தாங் பேட்டையில் இருந்த அவருடைய கிடங்கில் அறுபது பாட்டில் சமையல் எண்ணெய் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு, ஒன்று முதலாளியிடம், மற்றது மூட்டை தூக்கும் மாரிச்சாமியிடம். சரக்கோ எதிர்த்தெருவில் மஞ்சுளாவின் கடையில் இருந்தது. அடக்க விலை பன்னிரண்டாயிரம்; அவள் விற்றது பத்தாயிரத்து ஐந்நூறுக்கு.

"திருட்டு எண்ணெய்தான் அந்த விலைக்கு வரும். திங்கக்கிழமை பணம் வரலைன்னா போலீஸ்," என்றார் முதலாளி.

மாரிச்சாமி நினைத்துப் பார்த்தான். உள்ளே போனவனை இந்த ஊரில் யார் தேடுவார்கள்?

முதலாளியின் தலைக்கு மேல் மனுவின் நகல் தொங்கியது: அடக்க விலைக்குக் கீழே விற்பவருக்கு அபராதம் போடுக. பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு எதிராக வியாபாரிகள் சங்கம் கொடுத்த மனு. முதல் கையெழுத்து அவருடையது.

9.40. சங்கப் பொருளாளர் சத்யபாமா, மஞ்சுளா கடையில் நாலைந்து பாட்டில்களைக் கவிழ்த்துத் தேதி பார்த்தார். எல்லாம் அடுத்த மாதம் காலாவதி.

"நட்டத்துக்கா விக்கிறே?"

"பெரிய கடைக்காரன் எண்ணெயில விட்டதை அரிசியில எடுப்பான். நான் எதுல எடுக்க? வாங்கினதே கம்மி விலைக்குத்தான்க்கா."

"யார்கிட்ட?"

"சொன்னா நாளைக்குச் சரக்கு வராது."

10.15. சத்யபாமா முதலாளியின் கிடங்குக்கு வந்தார்.

"மாரி, எந்த அடுக்கு குறையுது?"

"பின்சுவத்து அடுக்கும்மா. பழைய சரக்கு."

"வாசப்பக்கம்?"

"புதுசு. அப்படியே இருக்கு. அதைக் கண்ணை மூடிட்டே தூக்கலாம். பின்னால போக எட்டுப் பெட்டி நகத்தணும்."

சத்யபாமா முதலாளியைப் பார்த்தார். "பாய், அவசரத்துல வர்றவன் எட்டுப் பெட்டியை நகத்தி, கெடப்போற சரக்கைப் பொறுக்குவானா? அந்தத் தேதி உறுத்தினது உங்களுக்கு மட்டும்தான். நீங்களே வித்துட்டீங்க."

பீர் முகைதீன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பெரிய கடை பதினோராயிரத்துக்குக் குடுக்குது. என் சரக்கு யாருக்கு வேணும்? பத்தாயிரத்துக்குத் தள்ளினேன். பில்லு போட்டா, மனு குடுத்தவன் நானே முதல்ல மாட்டுவேன். கணக்குல குறையுறதைத் திருட்டுன்னு எழுதிட்டேன்."

"அதுக்கு இவன் தலையிலயா கட்டுறது?"

பீர் முகைதீன் பேரேட்டை இழுத்துத் தொகையின் மேல் கோடு போட்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து வேற எடத்துல வேலை பாத்துக்க."

மாரிச்சாமி குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தான். நகரவில்லை.

"தொகையை அடிச்சீங்க பாய். 'திருட்டு' அப்படியே இருக்கே."

முதலாளி மறுபடி பேனாவை எடுத்தார். அதையும் அடித்து, பக்கத்தில் 'தள்ளுபடி' என்று எழுதினார்.