ஒன்பதாம் பகுதியைப் படித்தது யார்?

“ஏன் பதில் இல்லை? செத்துட்டீங்களா?”

லேப்டாப் திரையில் அந்தக் கேள்வி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கேட்டவன் எந்த நாட்டுக்காரனோ... கடுப்பில் கேட்டிருப்பான். ஆனால் கேட்கப்பட்டவன் நிஜமாகவே செத்துப்போயிருந்தான்!

தங்கராஜு. வயது முப்பத்தெட்டு. கல்யாணம் இல்லை, தனிக்கட்டை. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் ஏழாவது மாடி வீட்டில், மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தான். மூக்கு கீபோர்டில் அழுந்தியிருந்தது. பதில் எழுத வேண்டிய கட்டத்துக்குள் ஒரே எழுத்து வரிவரியாய் ஓடிக்கொண்டே இருந்தது.

செத்த பிறகும் யூஸருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான், பாவி மனுஷன்!

பூட்டாத கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த முனீரா அப்படியே நின்றுவிட்டாள்.

“ராஜு... டேய் ராஜு...”

தோளைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

“யா அல்லாஹ்...!”

அவள் போட்ட அலறலில் எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார்.

* * *

இன்ஸ்பெக்டர் சுஹைப் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்தார். கடையில் காப்பி கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பைகள் இரண்டு. இரண்டும் காலி.

“பார்க்க ஹார்ட் அட்டாக் மாதிரிதான் இருக்கு. ஆனா யாரோ வந்திருக்காங்க. நீங்க இவருக்கு என்ன வேணும் மேடம்?”

“ஃப்ரெண்ட் சார். பாலிடெக்னிக்ல இருந்தே. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ‘சொட்டு’ எழுதினோம்.”

“என்ன அது?”

“சாஃப்ட்வேர். ஆஸ்பத்திரியில நரம்புல மருந்து ஏத்துற மெஷின் இருக்குல்ல... எவ்வளவு வேகத்துல சொட்டணும்னு அதுக்குச் சொல்றது எங்க சொட்டுதான். நிறைய நாட்டுல ஓடுது.”

“அட! அப்ப கோடீஸ்வரிகூடவா பேசிட்டு இருக்கேன்?”

“ஃப்ரீ சார். யார் வேணா எடுத்துக்கலாம். நாங்க ஆபீஸ் முடிஞ்சு வந்து, தூக்கத்தை விட்டுட்டு உக்காந்து எழுதறோம்.”

சுஹைப் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சிங்கப்பூரில் சும்மா வேலை செய்கிறவளை அவர் இப்போதுதான் நேரில் பார்க்கிறார்.

“அப்ப எல்லாரும் உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்களே?”

முனீரா போனை நீட்டினாள்.

‘சோம்பேறிகளா, இன்னுமா சரிபண்ணலை?’

‘உங்களால முடியலைன்னா உமைர்கிட்ட கொடுத்துட்டு ஒழியுங்க!’

‘பேட்டரி இறங்கினா என்ன பண்ணணும்னு ஒன்பதாம் பகுதியில தெளிவா இருக்கே, செய்யத் துப்பில்லையா? உமைரை உள்ள விடுங்க!’

‘முனீரா, பிடோக்ல நீ எந்த ப்ளாக்னு எங்களுக்குத் தெரியும்.’

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கூட்டம் மாட்டைக் கொடுத்தவனின் கழுத்தையே பிடிக்கிறது!

“எத்தனை பேர் இப்படி மிரட்டியிருக்காங்க?”

“மிரட்டாதவங்களைக் கேளுங்க சார். சீக்கிரம் சொல்லி முடிச்சிடுவேன்.”

“யார் இந்த உமைர்?”

“செம்பவாங் பக்கத்துப் பையன். புதுசா உதவிக்கு வந்தான். எங்ககிட்ட ஒரு ரூல் இருக்கு சார். சொட்டுல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் ரெண்டு பேர் படிச்சுப் பார்த்து ஓகே சொல்லணும். ராஜுவும் நானும். இப்ப ராஜு இல்லைன்னா அந்த இடத்துக்கு...”

“உமைர் வருவான்.”

“ம்.”

சுஹைப்பின் புருவம் ஏறியது. “வேற ஏதாவது?”

முனீரா உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். செத்தவனின் குரல் உற்சாகமாகக் கிளம்பியது.

“முனீரா! உமைரைக் கொண்டுவான்னு மிரட்டுறானுங்கல்ல, அத்தனை அக்கவுண்டும் ஒரே ஆளு! எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா? அவன் நம்ம மேனுவலைப் படிச்சிருக்கான்! திட்டுற யூஸர் எவனாவது மேனுவலைப் படிச்சுப் பார்த்திருக்கியா நீ? உள்ளுக்குள்ள இருக்கிற ஆளுதான் இது... இரு இரு, கேட்கிட்ட யாரோ வந்திருக்காங்க. கூப்பிடு, சரியா?”

முடிந்தது.

“நேத்து சாயங்காலமே வந்தது சார்.” முனீராவின் குரல் உடைந்தது. “போன் சிணுங்கினாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. அதனால எல்லாத்தையும் ஊமையாக்கி வச்சிருந்தேன். காலையிலதான் கேட்டேன். நேத்தே கேட்டிருந்தா... என் ராஜு உயிரோட இருந்திருப்பான் சார்!”

* * *

பிரேதப் பரிசோதனை முடிவு வந்ததும் சுஹைப் போன் செய்தார்.

“மாரடைப்பு இல்லை மேடம். காப்பியில தூக்க மாத்திரை, அளவுக்கு மீறி. கொலை! உள்ளாளுங்க யார் கூப்பிட்டாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போங்க.”

“இன்னைக்கே கூப்பிட்டிருக்காங்க சார். டன்லப் ஸ்ட்ரீட்ல, மத்தியானம். உமைரும் வர்றான்.”

“போங்க. பக்கத்து மேஜையில நான் பரோட்டா தின்னுட்டு இருப்பேன்.”

* * *

டன்லப் ஸ்ட்ரீட் சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. மின்விசிறி கரகரத்தது.

முனீராவுக்கு எதிரே இரண்டு பேர். ஒருத்தி மோகனப்பிரியா. சொட்டின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுதியவள். எட்டுப் பகுதிகள்! படமும் விளக்கமுமாய், இத்தனை வருஷமாகச் சம்பளமில்லாமல். முனீராவுக்கு உயிர்த்தோழி வேறு. இன்னொருத்தன் உமைர். இருபத்து நாலு வயது, முகத்தில் இன்னும் பருக்கள்.

முனீரா உமைரின் கைகளையே பார்த்தாள். இந்தக் கைதானா? இந்தக் கைதானா ராஜுவுக்குக் காப்பியை நீட்டியது?



“டீயைக் குடி முனீரா, ஆறிடும்.” மோகனா கோப்பையை நகர்த்தினாள்.

முனீரா தொடவில்லை.

“அக்கா, ராஜு அண்ணன் இடத்துல நானான்னு நினைச்சாலே பயமா இருக்குக்கா,” என்றான் உமைர். “மோகனாக்காதான் நீ வாடான்னு சொன்னாங்க. ஒண்ணு கேக்கவா? திட்டாதீங்க. ஓகே பண்ற பட்டன் எங்க இருக்கு?”

முனீரா நிமிர்ந்தாள்.

“மேனுவல்ல முதல் பக்கத்துலயே இருக்கேடா!”

“அந்த மேனுவலா?” உமைர் தலையைச் சொறிந்தான். “எவ்ளோ நீளம்க்கா அது! யார் படிப்பா லா?”

மோகனாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே சிரித்தாள்.

“இதோடா, பச்சைப் பட்டன். என்னோட சின்ன மாற்றம் ஒண்ணு காத்துட்டு இருக்கு. தட்டு.”

உமைர் தட்டினான். என்ன ஏது என்று ஒரு வரி படிக்கவில்லை. டிங்!



‘அவன் மேனுவலைப் படிச்சிருக்கான்...’ ராஜுவின் குரல் காதுக்குள் ஒலித்தது.

இவன் முதல் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்படியானால் இவன் இல்லை! அப்போது யார்?

“இப்ப நீ தட்டினா முடிஞ்சது முனீரா,” என்றாள் மோகனா. குரல் தேனாய் வழிந்தது. “கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு பாரு. தட்டிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்குடி. இனிமே எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்.”

தூக்கம்! முனீராவின் கட்டைவிரல் போன் திரைக்கு மேல் போய் நின்றது. எத்தனை மாதமாயிற்று நன்றாகத் தூங்கி? ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. அவளும் படிக்கப்போவதில்லை. படிக்கத் தெம்பில்லை.

விரல் இறங்கியது...

‘பேட்டரி இறங்கினா என்ன பண்ணணும்னு ஒன்பதாம் பகுதியில...’ போனில் வந்த அந்த வசவு நினைவில் மின்னியது.

விரல் அந்தரத்தில் நின்றது.

ஒன்பதா?

கையேட்டில் இருப்பது எட்டுதானே!

முனீரா போனை மெல்லக் கவிழ்த்து வைத்தாள். நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

“தட்டறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ராஜு கடைசியா எழுதினதைப் படிச்சேன் மோகனா. அழுகையே வந்துடுச்சு.”

“எதை?”

“மேனுவலுக்கு ஒன்பதாம் பகுதி. பேட்டரியைப் பத்தி. என்ன தெளிவு! உன்னைவிட நல்லா எழுதியிருக்கான்டி.”

மோகனாவின் முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது.

“ராஜுவா? ஒரு வரி ஒழுங்கா எழுதத் தெரியுமா அவனுக்கு? அது நான் எழுதினது! ஒவ்வொரு வார்த்தையும் என்னோடது! என் லேப்டாப்பை விட்டு இன்னும் வெளியகூடப் போகலை, உலகத்துல ஒருத்தர்கூட அதை...”

நின்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும்!

“மேனுவல்ல எட்டுப் பகுதிதானே இருக்கு? வெளிய போகாத ஒன்பதாவதை அந்த மிரட்டுற ஆள் மட்டும் எப்படிடி படிச்சான்?” என்றாள் முனீரா.

உமைரின் வாய்க்குப் போன பரோட்டாத் துண்டு பாதியிலேயே நின்றது.

மோகனா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முனீராவுக்குப் பயமாக இருந்தது.

“உங்களையாவது திட்டுறாங்க முனீரா. என்னை யாருக்கும் தெரியவே தெரியாது. இத்தனை வருஷத்துல ஒருத்தன் நன்றி சொன்னானா? மேனுவல்ல இருக்கிறதையே திரும்பத் திரும்ப உங்ககிட்ட கேட்டானுங்க. அப்பதான் ஒரு கூட்டம் வந்துச்சு. நல்லா எழுதுறீங்க மேடம்னாங்க. ஒரே ஒரு வரி சொட்டுக்குள்ள வைக்கச் சொன்னாங்க.”

“வச்சா?”

“அவங்க நினைக்கிறப்ப மெஷின் எல்லாம் நிக்கும். ஆஸ்பத்திரிங்க பதறிட்டுப் பணத்தைக் கொட்டும்.”

“படுத்திருக்கிற நோயாளிங்க?”

மோகனா கோப்பையைப் பார்த்தாள்.

“ராஜு எதையும் படிக்காம ஓகே பண்ண மாட்டான். அவன் இருக்கிறவரைக்கும் நடக்காது. உமைர் படிக்க மாட்டான். நீ களைச்சுப்போயிருந்த. அன்னைக்கு லஞ்ச்ல ராஜு என்கிட்டதான் முதல்ல ஓடிவந்து சொன்னான். ‘மோகனா, உன் மேனுவலை ஒருத்தன் படிச்சிருக்கான்!’னு... எனக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டான் முனீரா. சாயங்காலம் காப்பி கட்டிக்கிட்டுப் போனேன். என் தூக்க மாத்திரைதான். எனக்கும்தான் தூக்கம் போய் நாளாச்சு.”

“பாவி! கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடி!”

பக்கத்து மேஜைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“சேர்ந்தே போகலாம் வாங்க,” என்றார் சுஹைப். வாசலில் இரண்டு பெண் போலீஸ் நின்றார்கள்.

விலங்கு மாட்டிய கையோடு மோகனா திரும்பினாள்.

“முனீரா... எட்டுப் பகுதிதான்னு உனக்கு எப்படித் தெரியும்? அப்ப நீ முழுசா படிச்சியா?”

“படிச்சேன்.”

“நிஜமா?” கொலைகாரியின் முகம் குழந்தை மாதிரி மலர்ந்தது. “நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுடி. அதை நான் உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்.”

* * *

கடை வாசலிலேயே நின்று முனீரா போனை எடுத்தாள். பச்சைப் பட்டனுக்குப் பக்கத்திலிருந்த சிவப்பை அழுத்தினாள். அந்த ஒரு வரி குப்பைக்குப் போயிற்று.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உலகத்துக்கு எழுதினாள். ‘தங்கராஜு நம்மிடையே இல்லை. சொட்டு கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும். நானும்.’

அனுப்பியதும் பதில் வந்து விழுந்தது.

‘ஆழ்ந்த அனுதாபங்கள். சரி, அடுத்த வெர்ஷன் எப்போ?’

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த சுஹைப் பல்லைக் கடித்தார். “இவனை உள்ள தள்ள ஏதாவது சட்டம் இருக்கான்னு பார்க்கறேன் மேடம். என்ன பதில் போடப்போறீங்க?”

நெடுநாளைக்குப் பிறகு முனீராவின் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. தட்டச்சு செய்தாள்.

‘மேனுவலைப் படிக்கவும். ஒன்பதாம் பகுதி.’