அளவுப் பொம்மை

"எல்லாம் பிரமாதம். ஆனா பொம்மையை எடுக்க மறந்துட்டீங்களே," என்றார் சார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் முகத்தில் பாதியை நீலமாக்கியிருந்தது.

லேப் முழுக்கச் சிரித்தது. வீடியோ கேமுக்கான காட்சிகளை உருவாக்கும் கேம் ஆர்ட் படிக்கிறவர்கள் ஒருமுறையாவது செய்கிற தப்பு அது. கம்ப்யூட்டருக்குள் ஓர் அறையைக் கட்டும்போது கதவு எவ்வளவு உயரம், கட்டில் எவ்வளவு நீளம் என்று கண் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக, முகமில்லாத சாம்பல் நிற ஆள் பொம்மை ஒன்றை நடுவில் நிறுத்திக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். அழிக்க மறந்து கொண்டுவந்து காட்டினால் வகுப்புக்கே டீ வாங்கித் தர வேண்டும் என்பது பிள்ளைகளே போட்டுக்கொண்ட சட்டம்.

"அக்கா, இன்னிக்கு டீ உங்களோடது," என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண். சின்ன உடம்பு, பெரிய கண்ணாடி. எல்லோரும் அவளைப் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது. டீ வாங்க வேண்டிய இவளுக்கு முப்பத்தொன்று. அதனால் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டாள்.

அக்காவும் சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்ததால் சிரித்தாள். அம்மா போய் ஐந்து மாதமாக அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். சாப்பிடும் நேரம் வந்தால் சாப்பிட்டாள். பஸ் வந்தால் ஏறினாள். ஆனால் பொம்மை எதையும் வைத்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

வைக்க வேண்டிய தேவையும் இல்லை. கடைசி ஆண்டு வேலைக்கு, ஆட்டக்காரர் உள்ளே நுழைந்து நடந்து பார்க்கிற மாதிரி ஓர் அறை செய்ய வேண்டும். மற்றவர்கள் கோட்டை, சுரங்கம், விண்கலம் என்று கிளம்பியபோது, அவள் மெனக்கெட மனமில்லாமல் அம்மா படுத்திருந்த அறையையே எடுத்துக்கொண்டாள். அதையும் கையால் கட்டவில்லை, ஃபோனில் ஸ்கேன் செய்தாள். அறையைச் சுற்றிச் சுற்றி வந்து முந்நூறு படம் எடுத்துக் கொடுத்தால் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து அறையாகச் சேர்த்துத் தரும். குறுக்கே நடந்துபோகிறவர்கள் வரமாட்டார்கள். ஓடுகிற ஃபேன் வராது. காற்றில் ஆடும் திரைச்சீலை கந்தலாகத்தான் வரும். அளவுக்குத் தரையில் ஓர் இஞ்ச் டேப்பை விரித்துவைத்தால் போதும்.

வகுப்பு கலைந்த பிறகு அவள் பொம்மையை அழிக்க உட்கார்ந்தாள். அந்த லேப்புக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மதியம் இரண்டு மணி என்பதை நம்பித்தான் ஆக வேண்டும். இருபத்துநான்கு கம்ப்யூட்டர்களின் விசிறிகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, சூடான பிளாஸ்டிக் வாசனையும் ஏசியின் ஈர வாசனையும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தன. அவள் பொம்மையின் மேல் மவுஸை வைத்து அழுத்தினாள். பொம்மை மட்டும் தேர்வாகாமல், அறை முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது.

பொம்மை தனியாக இல்லை. தரையோடும் சுவரோடும் உருகி ஒட்டியிருந்தது. அலமாரி ஓரத்தில், தோளும் தலையும் மாதிரி ஒரு மேடு. அவள் எடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அலமாரி ஓரம் காலியாக இருந்தது.

அந்த மேட்டைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுத்தாள். எடுத்த இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம் தெரிந்தது.

"பின்னாடி சுவரே இல்லையேக்கா," என்றாள் பூச்சி, தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து. "ஏதாச்சும் முன்னாடி நின்னு மறைச்சாதான் இப்படி ஓட்டை விழும்."

பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. அம்மா பதினான்கு மாதம் படுத்த அறையில் இப்போது அப்பா தூங்கினார். அச்சகத்தில் முப்பது வருடம் மெஷின் ஓட்டியவர். சத்தத்திலேயே வாழ்ந்து பழகியதால் வீட்டில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. மகளோ வாயைத் திறப்பதில்லை. அம்மாவைக் கொண்டுபோன அன்று சித்தி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, இவ என்ன மனுஷியா, கல்லா?"  அதன் பிறகு அப்பா தினமும் மகளின் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார். அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்காகவாவது அழுதுவிட முடிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான்.

அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"ஏம்மா, ராத்திரியெல்லாம் என் கால்மாட்டுல வந்து நின்னுட்டே இருக்கியே, கால் வலிக்கலையா?"

"நானாப்பா?"

"பின்ன யாரு? உங்கம்மாவுக்கு நின்னு நின்னு பழகிப்போச்சு உனக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன். போய்ப் படு."

அம்மாவுக்கு அவள் நின்றது உண்மை. கடைசி மாதங்களில் மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருக்கிறாள். அப்பா சொன்ன அதே வார்த்தையை அம்மாவும் சொன்னாள். "நின்னது போதும்டி, போய்ப் படு." அம்மா அதைச் சொன்னபோது இவள் சமையலறையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று விட்டுவிட்டாள். அதற்கு மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள்.

பயம் வந்தது. பக்கத்து வீட்டுக் கடிதம் தவறி இங்கே வந்த மாதிரி வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் தட்டைக் கழுவி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்து விழுந்திருந்த நேரத்தில், அப்பாவைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டு அவள் மறுபடியும் அந்த அறையை ஸ்கேன் செய்தாள். கதவைச் சாத்தினாள், ஃபேனை நிறுத்தினாள், டேப்பை விரித்தாள். தைலமும் டெட்டாலும் பழைய பஞ்சும் சேர்ந்த அந்த வாசனை, எத்தனை தடவை தரையைத் துடைத்தும் போகாமல், வெயிலின் சூட்டில் இன்னும் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. ஃபோன் ஒவ்வொரு தடவையும் டிக் என்றது. அறையில் வேறு சத்தமே இல்லை. டிக். ஓர் அடி நகர்வு. டிக். கட்டிலின் கால்மாட்டைக் கடக்கும்போது, காரணம் எதுவும் தெரியாமல், யாருக்கோ வழிவிடுகிற மாதிரி உடம்பை ஒதுக்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை, லேப் திரையில், அது கால்மாட்டில் நின்றது.

இப்போது மேடு இல்லை. உருவம். நைட்டியின் மடிப்புகள் தெரிந்தன. டேப்பை வைத்து அளந்து பார்த்தாள்: நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர். அவளுடைய உயரமும் அதுதான். காலில் வீட்டில் அவள் போடும் செருப்பு.

அன்று மாலையே, பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள் என்று பொய் சொல்லி, அப்பாவின் தலையணையையும் போர்வையையும் ஹால் சோபாவுக்கு மாற்றி, அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். 

புதன்கிழமை காலை அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. காபி கொண்டுபோய்க் கொடுத்தவளின் தலையில் கை வைத்துத் தடவினார்.

"நேத்து மத்தியானம் நீ அழுதியே, எனக்கு அப்பதான்ம்மா உயிரே வந்துச்சு."

நேற்று மதியம் அவள் லேப்பில் இருந்தாள். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை. பூச்சியோடு டீ குடித்தாள்.

"என்னப்பா சொல்லி அழுதேன்?"

"அம்மாவைப் பத்தித்தான். என் மடியில தலைய வெச்சுக்கிட்டு, சின்னப் புள்ளை மாதிரி. இனிமே நீ சரியாயிடுவ. எனக்குத் தெரியும்."

அவர் கையின் கனம் மட்டும் தலையில் தெரிந்தது. சூடு தெரியவில்லை. ஐந்து மாதமாக அப்பா காத்திருந்தது அவருக்குக் கிடைத்துவிட்டது. கொடுத்தது அவள் இல்லை. அது மட்டும் நெஞ்சில் எங்கேயோ ஆழத்தில் ஊசி மாதிரிக் குத்தியது. நான் நேற்று வீட்டிலேயே இல்லையப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் சந்தோஷமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு லேப்புக்குக் கிளம்பினாள்.

வியாழக்கிழமை காலை, அப்பா சோபாவில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் ஹாலை ஸ்கேன் செய்தாள்.

அது முடிந்து திரையில் வர மாலை ஐந்தரை ஆயிற்று. எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியாகக் கிளம்பிய பூச்சி, "சிஸ்டத்தை ஆஃப் பண்ணிடுங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் தரை வந்தது. பிறகு சோபா. சோபாவில் அப்பா, கலங்கிப்போய், சேற்றில் பிடித்துவைத்த மாதிரி. மூச்சு விடுகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

அவர் தலைமாட்டில் அவள் இருந்தாள்.

கலங்கவில்லை. தலை வகிடு தெரிந்தது. மோவாயில் இருக்கும் மச்சம் தெரிந்தது. இமை மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இவள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்த இருபது நிமிடமும், அந்த முகம் அப்பாவின் காதருகே குனிந்தபடியே இருந்திருக்கிறது.

வாய் மட்டும் கலங்கியிருந்தது.

அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வேறெங்கும் ஒரு பிசிறும் இல்லை. வாய் மட்டும். அசைந்ததால்தான் கலங்கும். அது பேசிக்கொண்டிருந்திருக்கிறது. முந்நூறு படங்களிலும், அவள் பக்கத்திலேயே நின்று, அப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

சிஸ்டத்தை அணைக்கவில்லை. பையை எடுக்கவில்லை. ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றாள். அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். பிஸி. மறுபடியும். பிஸி. நிறுத்தம். தெரு. படிக்கட்டு. ஒன்று, இரண்டு, மூன்றாவது மாடி. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை.

ஹாலில் ஒரு விளக்கு எரிந்தது. அப்பா சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபோன் அவர் நெஞ்சின் மேல் கிடந்தது. வேறு யாரும் இல்லை. அவள் கால்மாட்டில் போய் நின்று பார்த்தாள். மூச்சு இருந்தது. நன்றாகவே இருந்தது. அப்பாடா என்று ஒரு நிம்மதி அவளுக்குள் இறங்கியது. அவரை எழுப்பி, இப்போதே கூட்டிக்கொண்டு, சித்தி வீட்டுக்கோ எங்கேயோ போய்விட வேண்டும்.

கை தூக்க நினைத்தாள். வரவில்லை.

கால். வரவில்லை.

வலது தோளில் இன்னொரு தோள் உரசியது. அவள் ஷாம்பூவின் வாசனை. அவள் நைட்டியின் துணி. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கண்ணின் ஓரத்தில் ஒரு முகம் மட்டும் தெரிந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். இவளைப் பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். மறுபடியும் இவளை. 

"இதுல எதும்மா நீ?"

அப்பா. ஒரு வார்த்தை போதும். அதுகூட வேண்டாம். ஒரு சொட்டுக் கண்ணீர். ஒரு விரல் அசைந்தால் போதும். அவள் தன்னிடம் இருந்த எல்லா பலத்தையும் திரட்டினாள். அம்மாவின் முகத்தை நினைத்தாள். கண் வறண்டே இருந்தது.

பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். விம்மல்.

"நான்தான்ப்பா," என்று அழுதது அவள் குரல்.

அப்பாவின் முகம் தெளிந்தது. "வாடா கண்ணு," என்று போர்வையை விலக்கி இடம் விட்டார். அது போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டது. அப்பா அதன் தலையைத் தடவிக்கொண்டே, கால்மாட்டில் நிற்பவளைப் பயத்தோடு பார்த்தார்.

"ஏம்மா அது அப்படியே நிக்குது?"

"பாக்காதீங்கப்பா. தூங்குங்க."

அது போர்வையை அவர் மோவாய்வரை இழுத்துவிட்டது. அவர் காதருகே குனிந்தது. வாய் அசையத் தொடங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போர்வை ஏறியது, இறங்கியது. ஏறியது. இறங்கியது. அவள் கால்மாட்டில் நின்று, அது மறுபடியும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.