போய் வருகிறேன்

காலை உணவு முடிவதற்குள் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்று மேசை சொன்னது. சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே நான்கு படங்கள் மின்னிக்கொண்டிருந்தன. கப்பல் நீலத்திட்டுத் தீவில் ஆறு மணி வரைக்கும்தான் நிற்கும். கலங்கரை விளக்கம், சந்தை, ஆமைப் பண்ணை, பவள உலா. நான்கில் ஒன்றுக்குத்தான் நேரம்.

"சந்தைக்குப் போலாம்" என்றாள் அம்மா.

"ஈரோட்டுல இல்லாத துணியா இங்க இருக்கு?" என்றார் அப்பா.

"துணி வாங்கறேன்னு யாருங்க சொன்னா? சும்மா பாத்துட்டு வரலாம்."

"நீ சும்மா பாத்து நான் பாத்ததே இல்ல, தன்வி."

என் தம்பி அகரனுக்கு ஒன்பது வயது. ஆமை ஆமை என்று கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். பவள உலா என்று சொன்னது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வருமோ வராதோ. மூன்று பேரையும் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தது நான்தான்.

பவள உலா என்றால் ஸ்நார்க்கலிங். கண்ணாடியை மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதப்பது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நம் தோலில் பூசும் களிம்பு பட்டால் பவளம் வெளுத்துப்போகிறது என்று சொந்த உடம்போடு யாரையும் இறங்க விடுவதில்லை. அதற்குப் பதிலாகக் கப்பலில் பாசியுடல் தருகிறார்கள். கடற்பாசிக் கூழில் நம் அச்சாகவே வார்த்த உடம்பு. நம்முடையது துயில்பெட்டியில் தூங்கும். மனம் மட்டும் பாசியுடலில் ஏறிக் கடலுக்குப் போகும். மூழ்காது, மூச்சு முட்டாது. குழாய்கூடத் தேவையில்லை, அது வாயில் இருந்தால்தான் ஸ்நார்க்கலிங் போன மாதிரி இருக்கும் என்று கொடுக்கிறார்கள்.

"முடிஞ்சதும் அந்த உடம்ப என்ன பண்ணுவீங்க?" என்று அம்மா அங்கே நின்ற பணிப்பெண்ணிடம் கேட்டாள்.

"கடல்லயே விட்டுருவோம் மேடம். பன்னெண்டு மணி நேரத்துல தானா கரைஞ்சிரும். மீனுக்கும் நல்லது."

"பரவால்லயே. பிளாஸ்டிக் இல்ல பாருங்க" என்று அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குப் பவள உலா பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

துயில்பெட்டியின் மூடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'போகிறேன்', இன்னொன்றில் 'போய் வருகிறேன்'. கீழே பொடி எழுத்தில் பதினெட்டுப் பக்கம். அப்பா ஈரோட்டில் பத்திரம் எழுதுகிறவர். அடுத்தவர் பத்திரத்தில் ஒரு புள்ளி விடாமல் படிப்பார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், லீவுல வந்தும் படிக்கணுமா?" என்று கொட்டாவி விட்டார்.

அகரன் அவசரத்தில் 'போகிறேன்' அழுத்திவிட்டான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"கெளம்பும்போது போறேன்னு சொல்லுவாங்களாடா? வாயக் கழுவு! போயிட்டு வர்றேன்னு அழுத்து."

மாற்ற முடியவில்லை, பெட்டி ஏற்றுக்கொண்டுவிட்டது. "வாயிலயாச்சும் சொல்லுடா சாமி" என்று அம்மா கெஞ்சினாள். "போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன், போதுமா?" என்று கத்திக்கொண்டே அவன் படுத்தான். நாங்கள் மூன்று பேரும் 'போய் வருகிறேன்' அழுத்தினோம். நம்மில் யார்தான் மற்றதை அழுத்துவார்கள்?

கடலுக்கடியில் பார்த்ததைப் பற்றி அதிகம் எழுத நேரமில்லை. நன்றாக இருந்தது. மிக மிக நன்றாக இருந்தது. கிளிமீன் பவளத்தைக் கடிக்கும்போது முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்டது. அப்பா அதைக் கண்டு பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தார். அம்மா சிரித்த சிரிப்பில் குழாய் வாயிலிருந்து கழன்று விழுந்தது.

நான்கு மணிக்கு எங்களை மிதவைக்கு வரச் சொன்னார்கள். நாலு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு பலகைத் தளம், மேலே ஒரு விளக்கு, ஓரத்தில் எழுத்துப் பலகையோடு ஒரு கம்பம். கப்பலுக்குத் திரும்புவதற்கென்று அங்கே வைத்திருந்த நினைவுத்தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விளக்கு பச்சையாக மாறியது. அவ்வளவுதான், இனிக் கப்பலில் கண் விழிப்போம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அதே மிதவை. அகரன் மட்டும் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான்.

அம்மா அவனைத் தூக்கி உலுக்கினாள். தலை துணி மாதிரி ஆடியது. அம்மா போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. அப்பா ஓடிப்போய்க் கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கியை அடித்தார். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அகரன் பேசினான்.

"அம்மா! நான் முழிச்சுட்டேன்! செமயா இருந்துச்சு!"

அம்மாவின் மடியில் கிடந்த வாய் அசையவில்லை. குரல் கப்பலிலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு குரல் வந்தது.

"மெதுவா எந்திரி சாமி. தலை சுத்தும்."

அது அம்மாவின் குரல். அம்மா என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நாளன்னைக்கு அடுத்த தீவுலயும் இதுக்கே போலாங்க" என்றது அந்தக் குரல். "அப்பவே சொன்னேன்ல? அஞ்சு ஸ்டார் குடுக்கறேன்" என்றது இன்னொன்று. அது நான்.

தொடர்பு அறுந்தது.

அப்பா எழுத்துப் பலகையில் அந்தப் பதினெட்டுப் பக்கத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டார். 'போகிறேன்' அழுத்தினால் மனமே போகும், மனமே திரும்பும். அதில் சிறிது ஆபத்து உண்டு. 'போய் வருகிறேன்' அழுத்தினால் மனம் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும். அதன் படி ஒன்று போகும். படியின் நினைவு வரும்.

"படின்னா?" என்று அம்மா கேட்டாள்.

"நகல். அசல் மேல இருக்கு, தன்வி. நாம நகல்."

"அப்ப நாம எப்ப மேல போவோம்?"

அப்பா எட்டாம் பக்கத்தைத் திருப்பி, நல்ல செய்தி ஏதாவது இருக்குமா என்று பதினெட்டு வரைக்கும் படித்தார். 'போய்' ஒருத்தருக்கு, 'வருகிறேன்' இன்னொருத்தருக்கு. இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

"அகரன்?"

"அவன் முழுசாப் போனான். முழுசாத் திரும்பிட்டான். இது வெறும் கூடு."

அம்மா அந்தக் கூட்டின் முடியை ஒதுக்கிவிட்டாள். "புள்ள போய்ச் சேந்துட்டான்ல. அது போதும்" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை வேறு யாராவது சொல்லியிருந்தால் அம்மா வாயிலேயே போட்டிருப்பாள். யாரும் திருத்தவில்லை.

ஆறு மணிக்குக் கப்பல் சங்கு ஊதிப் புறப்பட்டது. மேல்தளத்தில் சின்னச் சின்னதாக மனிதர்கள் தெரிந்தார்கள். "கை காட்டட்டுமா?" என்று அம்மா கேட்டாள். அவளே கொஞ்ச நேரம் காட்டினாள்.

இப்போது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. பதினொரு மணிக்கு எங்களை வார்த்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அப்பாவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எனக்கு வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக இருக்கின்றன, அதனால்தான் எழுத முடிகிறது. வலிக்கவில்லை. வலிக்காது என்று அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் போட்டிருந்தது உண்மைதான். மிதவைக்குக் கீழே மீன்கள் வந்துவிட்டன. பலகைச் சந்தில் பார்த்தால் விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் நிற்கின்றன. பகலிலும் இப்படித்தான் எங்களைச் சுற்றி வந்தன. அப்போது அவற்றுக்கு எங்களைப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் நாளை மறுநாளை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அங்கேயும் இதே பெட்டி, இதே பொத்தான். அம்மா அதையேதான் அழுத்துவாள், அகரனையும் இந்த முறை கையைப் பிடித்து அழுத்த வைப்பாள். அவனும் இப்படி ஒரு மிதவையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கப்பலில் இருப்பவர்களுக்கு நான்கு மணி வரைக்கும்தான் நினைவு போயிருக்கிறது. சிரித்ததெல்லாம் போய்விட்டது. இது போகவில்லை.

கப்பல் போன பிறகும் எழுத்துப் பலகை மட்டும் அதோடு பேசிக்கொண்டிருந்தது. பயணம் எப்படி இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில், 'போய் வருகிறேன் அழுத்தாதீர்கள், நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்' என்று எழுதி அனுப்பினேன். பலகை சொன்னது: 'பயணி தூரிகையின் கருத்து ஏற்கெனவே பதிவாகியுள்ளது. ஐந்து நட்சத்திரம். மாற்றுவதற்கு அவரது ஒப்புதல் தேவை.'

தூரிகை என் பெயர்.

ஒப்புதல் எப்படிக் கேட்பார்கள் என்பதையும் காட்டியது. அறையில் என் படுக்கைக்கு மேல் திரையில் வரும்: 'உங்கள் பெயரில் ஒருவர் நீலத்திட்டிலிருந்து எழுதுகிறார். அது நீங்களா?' கீழே இரண்டு பொத்தான்கள். 'நான்தான்.' 'நான் இல்லை.'

"சும்மா எழுதுனா யாரோ வெளயாடறாங்கன்னு நெனப்பா" என்றார் அப்பா. படுத்தபடியே பேசினார். "அத்தாட்சி வேணும் கண்ணு. உனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணப் போடு. வேற ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

அம்மாவின் கல் தோடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் காணாமல் போனது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த மல்லிகாக்காதான் எடுத்தார் என்று நிறுத்திவிட்டார்கள். அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே போனார். தோட்டைப் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் திருட்டுத்தனமாகப் போட்டுப்போய்த் தொலைத்தது நான். யாரிடமும் சொன்னதில்லை. தினமும் தூங்குவதற்கு முன்னால் அது ஒரு தடவை நினைவுக்கு வரும்.

அதை எழுதினேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாள், எட்டிப் பார்த்தால் தெரியும், இருந்தாலும் எழுதினேன். 'மல்லிகாக்கா எடுக்கவில்லை. தோடு ஆண்டுவிழா மேடைக்குப் பின்னால் விழுந்தது. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான்தான் நீ. தயவுசெய்து ஒப்புக்கொள்' என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவள் இப்போது அறையில் படுத்திருப்பாள். பக்கத்துப் படுக்கையில் அம்மா. திரையில் திடீரென்று அந்தத் தோடு வந்து நிற்கும். அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள். "நீயா எடுத்த?" யோசிக்கவே இல்லை நான். கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டேன்.

பலகையில் வெளிச்சம் வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பதிலை வாசித்தேன். பலகை நன்றி சொல்லிவிட்டுக் கப்பல் தொடர்பை மூடிக்கொண்டது. அனுப்பாத எழுத்து மட்டும் இதில் அப்படியே நிற்குமாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்களும் இந்த மிதவையில்தான் இருக்கிறீர்கள்.

"யாருகிட்ட இருந்துடி பதிலு?" அம்மா கண்ணை மூடியபடியே கேட்டாள். "என்ன சொல்றா?"

"நான் இல்லையாம்மா."