நாற்பது முழங்கைகள்

காலையில் என் முதல் வேலை, நாற்பது காவலர்களை நடமாட வைப்பது. கேட்பதற்குக் கடவுள் வேலை மாதிரி இருக்கும். உண்மையில் கழுத்துவலி வருகிற வேலை.

நொய்யல் மாநகரில் பேருந்து, பாலம், காவலரின் இரும்புக் கவசம் என நகரும் எல்லாமே பெருந்தொகுப்பு என்ற ஒரே கணினி மாதிரிக்குள் இருக்கின்றன. அங்கே அசைந்தால்தான் தெருவில் அசையும். ஒரு கவசத்தை அதற்குள் செருகியதும் மூட்டுகள் இறுகிவிடும். மென்பொருளுக்கு அது வெறும் கல். நான் ஒவ்வொன்றாகத் தேர்ந்து ‘நெகிழ்வு’ கொடுக்கும்வரை உள்ளே இருப்பவர் தூண் மாதிரி நிற்க வேண்டியதுதான்.

"அக்கா, மூக்கரிக்குது. வெரசா தொற!"

கடைசி வரிசையிலிருந்து என் தம்பி மௌலி தினமும் இதையேதான் சொல்வான். வேண்டுமென்றே அவனைக் கடைசியாகத் திறப்பேன். ஈயை விரட்டக்கூட மனசு வராத பையன், காவல் வேலைக்கு வந்ததே வீட்டில் எல்லாருக்கும் வேடிக்கை.

அன்று ஆய்வாளர் கனகசபை என் மேசைக்கே வந்துவிட்டார். நீர் ஆலை வாசலில் தொழிலாளர்கள் மறியல். குடிநீர்ப் பங்கைக் குறைத்ததற்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணொண்ணாத் தொறக்க நேரமில்லீங்க அம்மிணி. எல்லாமே ஒரே மூலக் கவசத்தோட நகல்தானுங்களே? என்னுதை மட்டும் தொறந்துட்டு, மத்ததை அதோட கட்டி உட்ருங்க. நான் கையத் தூக்குனா எல்லாருந் தூக்கோணும்."

"அது ஆகாதுங்க சார். அவங்கவங்க முன்னால என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவ பாதிப் பேரு லத்தியையே ஓங்கலைங்க. இன்னிக்கு அந்தச் சிரமம் அவங்களுக்கு வேண்டாம். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கட்டினேன். நான் மறுத்தால் இன்னொருவர் கட்டுவார் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேசைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலை வாசலில் ஆய்வாளரின் கை உயர்ந்தது. நாற்பது கைகள் உயர்ந்தன. அவர் தன் எதிரே நின்ற ஆளின் தோளில் அடித்தார். மற்ற லத்திகள் தங்களுக்கு எதிரே இருந்தவற்றின்மேல் இறங்கின. ஒரு கிழவரின் மண்டை பிளந்தது. ஒருவருடைய தாடை தொங்கியது. சுவர் ஓரம் நின்ற காவலர் சுவரையே அடித்தார். மூன்றாம் அடியில் கவசத்துக்குள் அவர் மணிக்கட்டு முறிய, அலறிக்கொண்டே நான்காவதாகவும் அடித்தார். ஆய்வாளர் ஓர் எட்டு வைத்தார். நாற்பது பூட்ஸ்கள் கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் ஓர் எட்டு வைத்தன.

"அக்கா! கைய நிறுத்து! நான் அடிக்கலக்கா, நான் அடிக்கல!"

ஒலிபெருக்கியில் மௌலியின் குரல். அவன் எதிரே ஒரு பெண் தரையில் கிடந்தாள். ஆலையின் நீலச் சட்டை முதுகெல்லாம் கருத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு துள்ளியது.

எல்லாரையும் இறுக்கிவிட ஒரு பொத்தான் போதும். ஆனால் கூட்டத்தின் நடுவே இறுகி நிற்கும் காவலருக்கு என்ன ஆகும் என்று இந்த ஊருக்கே தெரியும். போன மழைக்காலத்தில் ஒருவரைக் கவசத்தோடு கொளுத்தினார்கள். ஆகவே ஒவ்வொருவராகக் கட்டவிழ்ப்பதுதான் வழி. மௌலியிலிருந்து தொடங்கினேன். அவசரத்தில் இரண்டு முறை தவறாக அழுத்தினேன். மூன்றாம் முறை அவன் முழங்கை திரையில் பச்சையானது.

"தொறந்தாச்சு மௌலி. இனி உன் கை உன் கைதான். நிறுத்துடா."

அதே நேரம் ஆய்வாளருக்கு மூச்சு வாங்கியது. அவர் கையைத் தாழ்த்தினார். வாசலில் எல்லா லத்திகளும் தாழ்ந்தன.

ஒன்று மட்டும் உயர்ந்தது.

திரை பழுதென்று நினைத்தேன். திரையில் ஒரு பழுதும் இல்லை. அவன் முழங்கை மடங்கியது, நீண்டது, மடங்கியது. முன்னைவிட வேகமாக. அந்தப் பெண் கையை மேலே நீட்டினாள், விரல்கள் முறிந்தன.

"நான் அடிக்கலக்கா," என்றான் மௌலி. அழுதுகொண்டே அடித்தான். "நிறுத்தச் சொல்லுக்கா."

"மௌலி, நீதான்டா அடிக்கிற!"

கை மறுபடி ஓங்கியது. அது இறங்குவதற்குள் அவன் கவசத்தை மட்டும் இறுக்கினேன். லத்தி அந்தரத்தில் நின்றது.

கூட்டத்துக்குப் புரிய நேரமாகவில்லை. ஆய்வாளரும் மற்றவர்களும் ஒரே எட்டாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் கையை ஓங்கியபடி அசையாமல் நிற்கிறான். முதல் கல் அவன் முகக்கண்ணாடியை உடைத்தது. இரும்புக் கம்பியோடு ஓர் ஆள் ஓடி வந்தார்.

"அக்கா," என்றது ஒலிபெருக்கி. காலையில் கேட்ட அதே குரல். "வெரசா தொறக்கா."

என் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அந்தப் பெண் உடைந்த கையை ஊன்றி, அவன் கால்களுக்கு நடுவே மெதுவாகத் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் வெளியே வந்து சேரும்வரை நான் திறக்கவில்லை.