மாறுகண் புலி

நிலாக் குடியிருப்பு நான்கில் சும்மா இருப்பதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் மனச்சில்லு, ஒவ்வொருவரின் நாடித்துடிப்பையும் கவலையையும் நிமிடத்துக்கு நிமிடம் நலத்துறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். யாராவது காரணமில்லாமல் நிம்மதியாக இருந்தால் சில்லு பழுது, இல்லையென்றால் ஆள் காலி என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கழிவுநீர்ப் பிரிவுப் பொறியாளர் செண்பகவடிவின் அறைக்கதவை உடைத்துக்கொண்டு இரண்டு மருத்துவ ரோபோக்கள் நுழைந்தன. பின்னாலேயே நலத்துறை அலுவலர் மகிழ்நன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மேடம், உயிரோடதான் இருக்கீங்களா?"

"கதவைத் தட்டிக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேனே."

"ஒரு மணி நேரமா உங்க கவலை அளவு பூஜ்யம். இங்க இதுவரைக்கும் யாருக்கும் பூஜ்யம் வந்ததில்ல."

அவள் முன்னால் ஒரு தாள், அதில் பாதி வரைந்த புலி. மேலே கிளையிலிருந்து நீள்வால் பறவை ஒன்று அதைத் திட்டிக்கொண்டிருந்தது. மின்ஹ்வா என்கிற கொரிய நாட்டுப்புற ஓவியம் அது. பக்கத்து அறையில் இருந்த சுரங்கப் பொறியாளர் ஹேசுக், பூமிக்குத் திரும்புமுன் அவளுக்குக் கற்றுக்கொடுத்துத் தூரிகைகளையும் தந்துவிட்டுப் போயிருந்தாள். பழைய படத்தின் மேல் தாளை விரித்துக் கோடு இழுக்க வேண்டும். வண்ணம் காய்வதற்குள் ஈரத் தூரிகையால் அதன் ஓரத்தைக் கரைக்க வேண்டும். நாள் முழுக்க ஆயிரத்து நூறு பேரின் கழிவறைப் புகார்கள் செண்பகவடிவின் தலைக்குள் ஒலிக்கும். தூரிகையைத் தொட்டால்தான் நிற்கும்.

"புலிக்கு ஏன் மாறுகண்ணு?"

"அதிகாரிங்கள கிண்டல் பண்ண இப்படி வரைவாங்கன்னு ஹேசுக் சொல்லுவா."

மகிழ்நன் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே எல்லாருக்கும் நலத்துறையின் அமைதித் திட்டம் வந்தது. தலைக்கு வாரம் இரண்டு புலி. தவறினால் விளக்கக் கடிதம். சாப்பாட்டுக் கூடத்தில் தரவரிசைப் பலகை மாட்டினார்கள். "என் புலி எழுபத்தாறாவது! உங்களுது?" என்று குழம்பு வாங்கும் வரிசையில் கேட்டார்கள். ஆய்வுக்கூடத்து ஆள் ஒருவர் மூன்று நாள் தூங்காமல் ஒன்பது புலி வரைந்து 'மாத அமைதியாளர்' பட்டம் வாங்கி, மயங்கி விழுந்தார். செண்பகவடிவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் இடம். கண்கள் நேராக இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்து, திருத்த வகுப்புக்கும் போகச் சொன்னார்கள்.

அன்று தூரிகையைக் கையில் எடுத்ததும் அவளுக்கு நாடி நூற்றுப் பத்துக்கு ஏறியது. தூரிகையைக் கழுவிச் சுருட்டி வைத்தாள். சுவரில் ஆணி மட்டும் மிஞ்சட்டும் என்று, மாட்டியிருந்த புலியையும் கழற்றினாள். கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு நேராக மூன்றாம் கழிவுநீர்த் தொட்டிக்கு நடந்தாள். மாதம் ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டு ரோபோக்கள் சுரண்டும் இடம்; அன்றுதான் அந்த நாள். சுவர் தடிமனாக இருப்பதால் மனச்சில்லின் சமிக்ஞை வெளியே போகாது. ரோபோக்களை நிறுத்திவிட்டுத் தானே சுரண்டலாம் என்று மூடியைத் திறந்தாள்.

உள்ளே மகிழ்நன். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, சுவர்ப் பாசியை மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் இன்னும் ஒரு புலிகூட முடிக்கல. மேலிடத்துல தினமும் கேக்குறாங்க."

அவள் இறங்கி எதிர்ச் சுவரை எடுத்துக்கொண்டாள். அரை மணி நேரம் சுரண்டினார்கள். இருவர் முகத்திலும் மெல்ல இறுக்கம் தளர்ந்தது.

"என்னமோ நிம்மதியா இருக்கு, இல்ல?" என்றார் மகிழ்நன்.

"ம்."

"வாரத்துக்கு ரெண்டு தொட்டின்னு எல்லாருக்கும் வச்சா..."

செண்பகவடிவு கழுவும் குழாயை அவர் வாய்க்கு நேராகத் திருப்பினாள்.